முட்டை சுற்றிய தாள்கள்

வாரம் இரண்டு முறை
சரக்குக் கம்பியில் ஆடி ஆடி ஏறி வரும் மரப்பெட்டி.
மாவு மூட்டை, எரிவாயு உருளை,
புளிக்க வைத்த முட்டைக்கோஸ் ஒரு வாளி,
அறுபது முட்டை.
முட்டைக்கு ஒரு கால்பக்கம் செய்தித்தாள்.

அட்டைத் தட்டு வைக்கக் கூடாதா
என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன்.
"தட்டில் படிக்க என்ன இருக்கிறது, மிலோய்கா?"
வைத்துவிட்டார் சிரில்.

யூலியன் ஆல்ப்ஸில், மேகத்துக்கு மேல்,
மலையேறுபவர்களுக்கு சூப் காய்ச்சும் விடுதியில்
உலகத்தை நான்
உரித்து உரித்துப் படிக்கிறேன்.

முதல் முட்டையில் ஓர் அமைச்சர் பதவி விலகுகிறார்.
ஐந்தாவதில் மறுக்கிறார்.
ஒன்பதாவது உடைந்திருந்தது,
அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

குகைத் தண்ணீரில் வாழும்
பார்வையற்ற வெளிறிய பிராணி ஒன்று
ஏழு வருஷம் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்ததாம்.
ஓரத்தில் சிரிலின் பென்சில்:
"நம் நகராட்சி."

பழைய தேன்கூட்டுப் பலகையின் ஓவியம்:
வம்பு பேசுகிறவளின் நாக்கைச்
சாணைக்கல்லில் தீட்டுகிறான் சாத்தான்.
"உன் படம் கிடைத்தது."

நானும் சும்மா இல்லை.
காலிப்பெட்டி இறங்கும்போது
என் பங்கும் இறங்கும்.
வடக்குக் கணவாய் ஜூனிலேயே திறந்துவிடும்
என்று எழுதியிருந்த பயணக் கட்டுரையின் தலையில்
"இவர் ஏறவே இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.
பனிக்கரடி பற்றி ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போன பக்கங்கள்,
நடுவில் நாலைக் காணோம்,
அவற்றில் கரடி என்ன செய்திருக்கும் என்று
எங்களுக்குள் இரண்டு வாரம் சண்டை.

போன செவ்வாய்
முப்பத்துநாலாம் முட்டையில்
உள்ளூர்த்தாளின் ஆசிரியருக்குக் கடிதம்.
மேய்ச்சல்வெளி வரை தார்ச்சாலை வேண்டும்,
ஆகஸ்டில் தொடை முறிந்த பையன்
நாலு மணி நேரம் மழையில் கிடந்தானே,
இன்னும் எத்தனை பேர் கிடக்க வேண்டும்?
இப்படிக்கு, சிரில் ஹோட்னிக்,
சரக்குக் கம்பி நிலையம்.

ஓரத்தில் பென்சில் இல்லை.

அந்தப் பையனின் தலை
என் மடியில்தான் இருந்தது.
அவன் பல் கிட்டிய சத்தம் என் காதில் இருக்கிறது.
சாலை வந்தால் கார்கள் வரும்,
கார்களோடு இரவு வெளிச்சம் வரும்,
கம்பியைக் கழற்றி இரும்பு விலைக்குப் போடுவார்கள்,
இதுவும் இருக்கிறது.

பதில் எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதி, தாள் கிழியும்வரை அழித்தேன்.
பிறகு அதை அடுப்பருகே காயவைத்து
உணவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் குத்திவிட்டேன்.

சூப்புக்குக் காத்திருந்தவர்கள் படித்தார்கள்.
செக் பெண் ஒருத்தி தன் மொழியில் ஏதோ கிறுக்கினாள்.
மீட்புக்குழுவின் போரிஸ் "ஹெலிகாப்டர் எதற்கு?" என்று எழுத,
"மூடுபனியில் பறந்து பார்" என்று
கீழே அவரின் மனைவி.
ஒரு குழந்தை ஆடு வரைந்தது.
ஞாயிறு மாலைக்குள்
கடிதத்தைச் சுற்றி வெள்ளை இடமே இல்லை.
அப்படியே இறக்கினேன்.

இன்று பெட்டி வந்தது.
அறுபது முட்டை, அறுபது தாள்,
வழக்கம்போல் அரசியல், வால்நட்சத்திரம், காளான் விஷம்.
ஒன்றில் மட்டும்:
"என் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழை.
ஒருத்தரும் திருத்தவில்லை.
ஆடு நன்றாக இருக்கிறது."

வரும் ஞாயிறு வாக்கெடுப்பு.
இறங்கிப் போவேன்,
அவருக்கு எதிராகத்தான் போடுவேன் என்று நினைக்கிறேன்.
அதற்கு முன் அனுப்ப ஒரு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்:
நிலா நம்மை விட்டு
வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர் போல விலகுகிறதாம்.

ஓரத்தில் என்ன எழுத?
பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.