இருபது-ஐம்பது

நவம்பரில் நரீன் ஊரில் யாரும்
இருபது-ஐம்பது கேட்பதில்லை.
என் கண்டெய்னர்க் கடையின் கடைசித் தட்டில்
கோடையில் மீந்த மூன்று டின்கள்,
தூசியோடு.

மெதெர்பெக் கேட்டான்.
கையுறையைக் கழற்றாமல்,
விலை பேசாமல்,
"இருப்பதிலேயே கெட்டியானது கொடு."

அவன் ஆடி காரை எனக்குத் தெரியும்.
மாடல் நூறு. ஊரே அதை 'சோத்கா' என்று கூப்பிடும்.
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில்
மீட்டர் நின்றே இரண்டு வருஷம்.
ஆற்றுப் பாலம் ஏறினால் நீலப் புகை.
வால்வு மூடிக்கு அடியில்
தகரத்தில் யாரோ பட்டாணி கொட்டுகிற சத்தம்.

அந்த வயசுக்கு, இந்தக் குளிருக்கு
ஐந்து-நாற்பதுதான்.
மைனஸ் முப்பதிலும் முதல் திருகலிலேயே
மேலே ஏறிப் போய்ச் சேரும்.
கொஞ்சம் கசியும், கசியட்டும்.
காய்ந்த ரப்பர் வளையங்களை ஊறவைக்கும்
சரக்கு சேர்த்த வகையும் உண்டு,
கூட நூற்றைம்பது சோம்.
வாரம் ஒருமுறை குச்சியை உருவிப் பார்த்து
குறைந்ததை ஊற்றினால் போதும்.
இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் கெட்டி எண்ணெய்க்கு
வேறொரு குணம் உண்டு.
தேய்ந்த இடைவெளிகளில்
கம்பிப்பதப் பாகாய் உட்கார்ந்து
தட்டலை அடக்கும், புகையைக் குறைக்கும்,
சந்தைக்குப் போய்க் கைமாறும் வரை
பத்து வயசு குறைத்துக் காட்டும்.
பூசி மெழுகுவது என்கிறோமே,
அது இதுதான்.

"விற்கப் போகிறாயா?" என்று கேட்கவில்லை.
"எத்தனை டின்?" என்று கேட்டேன்.

இரண்டு போனது.
தூசியில் இரண்டு வட்டங்கள்.

டிசம்பர் பத்தாம் தேதி
இமையில் பனியோடு வந்தவள் பெயர் சைகால்.
பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை.
"போன வாரம்வரை நன்றாக ஓடியது,
இன்றைக்கு முனகுகிறதே தவிர
சுற்ற மாட்டேன் என்கிறது."
அடியில் ஊதுவிளக்கை வைத்து
ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தாளாம்.
சட்டை முழுக்கக் கரி.

என்ன வண்டி?

"சோத்கா. வெள்ளை. சத்தமே இல்லாத வண்டி,
அதைக் கேட்டுத்தான் வாங்கினேன்."

கல்லாவில் இருந்த சில்லறையை
ஒரு காரணமும் இல்லாமல் எண்ணினேன்.

ஐந்து-நாற்பது, ஐந்து லிட்டர். ஃபில்டர் ஒன்று.
"சூடாக்கிவிட்டுத் திறந்து விடுங்கள்.
பழசு தேன் மாதிரி இறங்கும், பொறுங்கள்.
புதுசு ஊற்றியதும் தட்டும். பயப்படாதீர்கள்."

"புது எண்ணெயால் கெட்டுவிடுமா?"

"இல்லை, அது ஏற்கெனவே..."

மிச்ச வாக்கியம்
தொண்டையில் இருபது-ஐம்பதாகி
நின்றுவிட்டது.

அவள் நோட்டுகளை எண்ணி வைத்தாள்.
ஃபில்டருக்கு மட்டும் அசல் விலை போட்டேன்,
அவளுக்குத் தெரியாது.
கிளம்பும்போது என் தோளுக்குப் பின்னால் பார்த்து,
"தனியாக ஒரு டின் இருக்கிறதே,
அது யாருக்கு?"

"அது கோடைக்கு" என்றேன்.