இருபத்தைந்து கிராம்

ஞாயிற்றுக்கிழமை காலை
புவெனோஸ் ஐரெஸ், கபஷீத்தோ பூங்கா.
ஒம்பு மரத்தடியில் மடக்கு மேசைகள் விரியும்.
நாணயம் விற்பவர்கள் வெல்வெட்டை உதறிப் போடுவார்கள்.
நான் நெலிதா. வாரத்தில் ஆறு நாள்
அடுத்தவர் வாய்க்குப் பொய்ப்பல் செய்கிறவள்.
பளபளப்பு எப்படி உண்டாகிறதென்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியவில்லை.
மார்ச் மாதம், ஒக்தாவியோவின் மேசையில்
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டின் வெள்ளி பெசோ.
விடுதலைப் பெண்ணின் கன்னம் அப்படி மின்னியது.
"யார் கையும் படாதது, அம்மணி.
ரொசாரியோவிலிருந்து ஒருவர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்,
எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்."
அப்போது மணி பதினொன்றே முக்கால்.
விலை கேட்டதும் தெரியாது, எண்ணிக் கொடுத்ததும் தெரியாது.
ரொசாரியோக்காரர் வந்தாரா என்று
நின்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுத் தராசு சரியென்றது: இருபத்தைந்து கிராம்.
காந்தம் சீந்தவில்லை.
விரல் நுனியில் வைத்துச் சுண்டினால் நீளமாய் ஒலித்தது.
வெள்ளி பொய்யில்லை.
ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோதுதான்
கன்னத்தில் மயிரிழைக் கீறல்கள்,
எல்லாம் ஒரே திசையில்,
துணியும் பசையும் வைத்து எவனோ தேய்த்த திசையில்.
என் பட்டறைச் சக்கரம்
பல்லில் விட்டுச்செல்லும் அதே கோடுகள்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.
பணத்துக்காக அல்ல.
சரி, பணத்துக்காகவும்தான்.

அதன்பிறகு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
மேசை மேசையாய் அலைகிறேன்.
"இதற்கு என்ன தருவீர்கள்?"
பொன்னைக் கல்லில் உரைப்பார்கள்.
நான் இந்தக் காசில் ஆட்களை உரைக்கிறேன்.
காசை விட்டுவிட்டுக் கதையைத் தொடங்குகிறவர் ஒருவர்:
மாமனார், கப்பல், மெத்தைக்குள் தைத்த பை.
உறையைப் பிரிக்க விடாத இன்னொருவர்,
வெள்ளி இன்று என்ன விலையென்றால்
ஒம்பு மரத்தின் உச்சியைப் பார்க்கிறார்.

ஆகஸ்டில் ஒக்தாவியோவிடமே போனேன்.
கழுத்துத்துணி மூக்குவரை. குளிர் உதவியது.
லென்ஸைக் கண்ணில் இடுக்கினார். இரண்டு நொடி.
"தேய்த்துப் பாழாக்கியிருக்கிறார்கள், அம்மணி.
வெள்ளி விலைதான் தர முடியும், அதிலும் கொஞ்சம் குறைத்து.
எந்தப் பாவி இதை உங்கள் தலையில் கட்டினான்?"
உண்மையாகவே வருத்தப்பட்டார்.
கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை.
விற்கும்போது மட்டும் புரை விழுகிற கண்.

கத்தியிருக்கலாம். தொண்டை வரை வந்தது.
"ரொசாரியோக்காரர் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டேன்.
லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி
வெல்வெட்டில் விழுந்தது, சத்தமில்லாமல்.

கடைசி மேசை ருஃபினோவுடையது.
எம்பனாடா தின்ற கையைத் துடைத்துவிட்டுத்தான் காசைத் தொடுவார்.
அவரிடமும் ஓர் எண்பத்திரண்டு இருந்தது,
கருத்து, எழுத்துகளின் பள்ளத்தில் பழைய அழுக்கோடு.
நான் வாய் திறக்குமுன்,
"விளிம்பில் இங்கே ஒரு நசுங்கல். அதனால்தான் இந்த விலை."
நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்தால்?
"நாளை திங்கள். அடுத்த ஞாயிறு வந்தால் முக்கால் பங்கு.
மழை பெய்தால் நான் வரமாட்டேன்."

அவரிடமும் உடனே வாங்கவில்லை.
ஏலங்களில் என்ன விலைக்குப் போயிருக்கிறதென்று
இரண்டு வாரம் தேடி எழுதிவைத்தேன்.
அவர் சொன்னது நியாயம்தான்.
திரும்பிப் போனபோது அந்த இடம் காலி.
"வியாழக்கிழமை ஒரு பையன் வீட்டுக்கே வந்துவிட்டான்," என்றார்,
எம்பனாடாவில் பாதியை என் பக்கம் தள்ளியபடி.

கிடைக்காத காசுக்கு
ஒரு சென்டாவோவும் அதிகம் கொடுக்கவில்லை நான்.
பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன்.
கோட்டுப் பையில் அந்தப் பளபளப்பு
தொடையில் இடித்துக்கொண்டே வந்தது,
இருபத்தைந்து கிராம், குறையாமல்.