ஐந்தாம் நிலைச் செய்தி

மறுபடியும் 1970, ஜனவரி ஒன்று.
நாரின் நகர ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஸ்விட்ச்
மாலையில் செத்து
மாலையிலேயே பிறந்துவிடுகிறது.
பிறந்த சிசுவைக் குனிந்து பார்த்து
போன ஜென்மத்தில் உன்னைக் கொன்றது யார்
என்றால் என்ன சொல்லும்?
பச்சை விளக்குகளைச் சிமிட்டுகிறது.

வியாழக்கிழமை ஓர் எக்ஸ்ரே பாதியில் நின்றது.
இடுப்பெலும்பின் மேல்பாதி திரைக்கு வந்தது,
மீதி வரவேயில்லை.
டாக்டர் பெக்மூர்சா கத்தினார்.
யாரோ நைட் ட்யூட்டி ஊல்கானின் பெயரைச் சொன்னார்கள்:
அவள் அந்தக் கேபிள்களில் கைவைப்பாள்,
கண்ணால் பார்த்தேன்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
சம்பளத்தில் பிடிக்கக் காகிதம் தயாரானது.
என்னைச் சாட்சி கேட்டார்கள்.
என் சாட்சி ரேமில் இருந்தது.
ரேம் என்பது நீர்மேல் எழுத்து.

ஆனால் இது நாரின்.
டிசம்பரில் இங்கே நீர் நின்றுவிடும்.
பாலத்துக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள்
ஸ்கேட் நுனியால் நதிமேல் பெயர் கீறுகிறார்கள்,
மார்ச் வரைக்கும் படிக்கலாம்.

துணி அலமாரிக்குப் பக்கத்து அறை. ஹீட்டர் கிடையாது.
லேப்டாப்பை முழங்காலில் வைத்து
கன்சோல் கேபிளைச் செருகினேன்.
முதலில் கடிகாரம்:
பிஷ்கெக்கிலிருக்கும் சர்வரிடம் மணி கேட்டுக்கொள்.
எப்போது என்று சொல்லத் தெரியாத சாட்சியை
எந்தக் கோர்ட்டும் உட்காரவைக்காது.
பிறகு, லாக் இனி ஃபிளாஷில்.
கோப்பு ஒரு மெகாபைட்.
நிரம்பினால் பழையதன் மேலேயே எழுது.
ஒரு பிரதி கீழ்த்தளத்து
ரெஜிஸ்ட்ரேஷன் அறைக் கம்ப்யூட்டருக்கு.

எந்த நிலை வரை என்று கேட்டது.
பூஜ்யம் என்றால் வீடே எரிந்தால்தான் வாய் திறக்கும்.
ஏழு என்றால் கொசு தும்மினாலும் ஓடிவந்து சொல்லும்.
ஃபிளாஷோ எழுத எழுதத் தேயும் சாதி.
எதையும் மறக்காதவன்
சீக்கிரம் போய்ச் சேர்வான்.
நாலு என்று போட்டேன், எச்சரிக்கை வரை.
ஐந்தாம் நிலை, சும்மா தகவல்கள்,
ரேமிலேயே கிடக்கட்டும்.
சேமிக்கவா?
ஆம்.

மறுநாள் காலை:
18:44:07 உள்வரும் மின்னழுத்தம் குறைவு.
18:44:09 உள்வரும் மின்னழுத்தம் குறைவு.
அப்புறம் ஒன்றுமில்லை.
18:47:30 மறுதொடக்கம். காரணம்: மின்தடை.

வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றி
ஊரே ஹீட்டரைப் போடும் நேரம் அது.
கொன்றது ஊர்.
என் வீட்டிலேயே இரண்டு ஹீட்டர்.
பெக்மூர்சா அச்சுப்பிரதியை இரண்டு தடவை படித்தார்.
யு.பி.எஸ். என்ன விலை என்றார்.
ஊல்கானிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக
எந்த லாகிலும் பதிவில்லை.

இத்தோடு முடிந்திருக்கும்.
மாலைக்குள் ரேமையும் ஒருதரம் புரட்டினேன்.
ஐந்தாம் நிலை:
03:04 பதினொன்றாம் போர்ட் துண்டிப்பு, இணைப்பு.
03:31 பதினொன்றாம் போர்ட் துண்டிப்பு, இணைப்பு.
பதினொன்று எக்ஸ்ரே அறை.
கண்ணால் பார்த்தவர் பொய் சொல்லவில்லை.

இங்கே மூன்று மணி என்றால் மாஸ்கோவில் நள்ளிரவு.
அவள் மகன் கிடங்கில் ஷிப்ட் முடிக்கும் நேரம்,
அது கான்டீன்வரைக்கும் தெரிந்த கதை.
சோவியத் காலத்துச் சுவர்,
செல்போன் சிக்னல் உள்ளே வராது.
கேபிளைப் பிடுங்கித்தான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றும் கேட்கவில்லை.
இருபத்திரண்டாம் போர்ட் சும்மா கிடந்தது.
எட்டு மீட்டர் மஞ்சள் கேபிள் ஒன்றை
நர்ஸ்கள் அறை ஜன்னலோரம் இழுத்துவிட்டேன்.
போர்ட்டின் விவரம் என்ற இடத்தில்
"தற்காலிகம்" என்று டைப் செய்தேன்.

அன்றிரவு
03:04 இருபத்திரண்டு இணைப்பு.
03:52 இருபத்திரண்டு துண்டிப்பு.
இருபத்தோரு நிமிடம் கூடுதல்.
மாலை ஆறே முக்காலுக்கு ஊர் குளிர் காயும்போது
அதுவும் துடைத்துப்போனது.

யு.பி.எஸ். வசந்தத்தில் வருகிறதாம்.
வந்தால் ரேமுக்கும் மறக்க வழியில்லை.
அப்போது என்ன செய்வதென்று
யோசிக்க வேண்டும்.