ஒரு எட்டு

பிலவேந்திரன்தான் புதுக் கோச் என்று
கிளப் சுவரில் ஒட்டிய நோட்டீஸின் பசை காயவில்லை.
மஞ்சக்குப்பம் மைதானத்து டீக்கடையில்
அதற்குள் நாலு கட்சி.

"பாண்டியிலேர்ந்து எது வந்தாலும்
ஆல்பேட்டை செக்போஸ்ட்ல நிறுத்திப் பாப்பான்,
இந்தாள எப்படி விட்டான்?"
கலியமூர்த்திதான் கேட்டார், சிதம்பரம் பஸ் கண்டக்டர்.
போன சீசனில் நாங்கள் வாங்கிய இருபத்தாறு கோலையும்
டிக்கெட் கட்டின் பின்னட்டையில் குறித்து வைத்திருப்பவர்.

ஜமாலுதீன் டயர்க்கறை விரலால் போனைத் தள்ளித் தள்ளி
கணக்கு வாசித்தார்.
காரைக்காலில் மூன்று சீசன், முப்பத்தொரு ஆட்டம்.
ஒன்பது வெற்றி. பதினாலு டிரா. எட்டுத் தோல்வி.

"பதினாலு டிராவா!
கல்யாணத்துக்குப் போயி மொய்யும் வைக்காம
பந்தியிலயும் குந்தாம வர்ற ஆளுய்யா அவரு."

சிரிப்பு அடங்கக் காத்திருந்து
காலி மீன்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார் அஞ்சலாட்சி அக்கா.
"மூணாம் நம்பர் கூண்டு ஏத்துன அன்னிக்கு
போட்டு முழுசா கரைக்கு வந்தா அதுவும் வரும்படிதான்.
நீங்க போன வருசம் மீனும் புடிக்கல,
போட்டையும் ஒடச்சீங்க."

அக்காவின் மகன் எங்கள் இரண்டாவது கோலி.
இதுவரை ஒரு நிமிடமும் ஆடாதவன்.
அதனால் அக்கா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது
எங்கள் வழக்கம்.
அன்றைக்கு யாரும் கழிக்கவில்லை.

சிப்காட் இரவு ஷிப்ட் முடித்து
சட்டையில் அந்த வாடையோடே வந்த நவநீதன்
"ஏன், உள்ளூர்ல ஒருத்தன் கெடைக்கலியா" என்றான்.
உள்ளூர்க்காரர்தான் போன தடவை.
ஜெர்சிக் காசோடு திருப்பூர் போனவர்
இன்னும் துணி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேச்சு பிறகு அந்த எட்டுக்கு வந்தது.
வரும் என்று தெரியும். டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.
"எட்டுல ஒண்ணு ஃபைனலுப்பா.
கடைசி நேரத்துல கோட்டை விட்ட மனுசன்."

கோட்டை விட்டவன் நான்.

அப்போது நாகப்பட்டினம் மின்வாரியம்.
ஆறு நாள் லைன்மேன்,
ஞாயிறானால் காரைக்காலில் லைன்ஸ்மேன்.
ஆட்டத்துக்கு நானூற்றைம்பது ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.
அன்றைக்குப் பொட்டலத்தை முன்னாடியே பிரித்திருந்தேன்.

எண்பத்தொன்பதாம் நிமிடம்.
என் ஓரமாகவே பாய்ந்தான் அவருடைய ஒல்லிப் பையன்.
நான் ஒரு எட்டு பிந்தியிருந்தேன்.
ஒரே ஒரு எட்டு.
பிந்தியவன் கண்ணுக்கு
நேராய் நிற்பவனும் முந்தியவன்தான்.
பந்து வலைக்குள் கிடந்தது,
கொடி என் தலைக்கு மேலே நின்றது.
மூன்றாம் நிமிடம் மறுமுனையில் கோல்.

அவர் கத்தியிருக்கலாம்.
எத்தனையோ பேர் கத்தி, செருப்பு வீசி,
என் அம்மாவை இழுத்துப் பேசியிருக்கிறார்கள்,
வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறேன்.
இவர் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கியபடியே வந்து
கொடியைப் பார்க்கவில்லை,
என் கால்களைப் பார்த்தார்.
பிறகு அடுத்த பாட்டிலைப் பொறுக்கப் போனார்.

ஒன்பது, பதினாலு, எட்டு.
போன்கள் கணக்கை அப்படியேதான் வைத்திருக்கின்றன.

"நீ என்ன சொல்ற? நீயும் கொடி புடிச்ச ஆளுதானே"
கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார்.
"ஆடட்டும், பாப்போம்" என்றேன்.
எந்தக் கட்சியிலும் சேராத பேச்சு. பதினைந்தாவது டிரா.

ஜமாலுதீன் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.
"பேசி என்னாவப்போவுது?
ஆளு உள்ளதான் இருக்காராம். வாங்க,
ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

எல்லோரும் போனார்கள். கூடையோடு அக்காவும்.
ஐந்து டீக்குக் காசு கொடுக்க நான் நின்றேன்.
பையில் சில்லறை இருந்தது.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.