நொண்டி ஏழு

சத்துவாச்சாரி கோர்ட்டில்
கூண்டேறும்போது செருப்பைக் கழற்றினேன்.
வேண்டாம் என்றார் டவாலி.
பழக்கம். காருக்குள் ஏறினாலும் கழற்றுவேன்.

பேர் தனகோட்டி.
தொழில் டிங்கர். ராணிப்பேட்டை, முத்துக்கடை.
வயது கேட்டார்கள், சொன்னேன்.
சேதி அதில் இல்லை.

சேதி ஒரு ஹம்பர் கார்.
ஐம்பத்தொன்றாம் வருஷம், பாட்டில் பச்சை.
மேல்விஷாரம் தோல் ஷாப் ஹயாத் பாஷாவின் பேரன்
மெட்ராஸ் ஏலத்தில் விட்டது.
கோயமுத்தூர் மில்காரர் நரசிம்மலு
நாற்பத்தோரு லட்சத்துக்குக் கை தூக்கியது.
மூன்றாம் மாதம்
பூனாவிலிருந்து ஒரு போட்டோ வருகிறது:
அதே எண்ணில் இன்னொரு ஹம்பர்.
அதே பச்சை.

ஒரு வயிற்றுக்கு ஒரு தலைச்சன்தானே?

பெங்களூர் நிபுணர் வெள்ளைக் கையுறையோடு
சேசிஸுக்கு அடியில் படுத்து எழுந்தார்.
அவர் தாளை வாங்கி மில்காரர் வக்கீல் சொன்னார்:
"ஏழைப் பாருங்கள்."
என்னைத்தான் சொல்கிறார் என்று நிமிர்ந்தேன்.
"ஏழுக்குக் கால் பாதிதான் இருக்கிறது.
கம்பெனி இப்படி அடிக்காது. இது போலி."

வாஸ்தவம்.
அடித்தவன் நான்.

எண்பத்தாறு, ஐப்பசி அடைமழை.
ஷாப் கிடங்கில் ஒரு பக்கம்
உப்புப் போட்ட மாட்டுத்தோல் அடுக்கு,
ஒட்டினாற்போல் ஹம்பர்.
உப்புக்குத் தெரியுமா எது தோல், எது இரும்பு?
முன்சட்டத்தில் விரல் வைத்தால் அப்பளம்.
எண் இருந்த துண்டு கையோடு வந்தது.
உதிர்வதற்குள் படித்துக்
கரியால் சுவரில் எழுதினேன்.
பழைய லாரிச் சட்டத்தை வெட்டி ஒட்டினேன்.
எண் அடிக்கப் பஞ்சுக்கு எங்கே போக?
தோலுக்கு முத்திரை குத்தும் பெட்டியைத் தந்தார் பாஷா.
அதில் ஏழுக்கு அப்போதே நுனி போயிருந்தது.
வண்டி எண்ணில் இரண்டு ஏழு.
இரண்டும் நொண்டின.

அத்தாட்சி இருக்கிறதா என்றார் வக்கீல்.
சுவர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.
பாஷா பள்ளிவாசல் மண்ணில்.
பெட்டி யார் வீட்டுப் பரணிலோ.

பின்சீட்டைக் கழற்றச் சொல்லுங்கம்மா என்றேன்.

வாசலில் டிரெய்லர்மேல் நின்றது வண்டி.
போல்ட் துருவேறி ஒன்று வரவில்லை,
நானே போய்த் தட்ட வேண்டியதாயிற்று.
சீட்டுத் தோலும் அதே ஷாப்புத் தோல்தான்.
புரட்டினால், சதைப்பக்கம்,
உட்கார்ந்தவர் எவரும் பார்த்திராத இடத்தில்,
பதனிட்டும் போகாமல்
லாட் நம்பர் நூற்றெழுபத்து நாலு.
நடுவில் நொண்டிக்கொண்டு
அதே ஏழு.

ஜட்ஜம்மா குனிந்து பார்த்தார்.
தோலைத் தொடாமல், பேனா நுனியால் காற்றில்
அதன் அரைக்காலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.
பேரன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.
அரை நிமிஷம் இருக்கும்.

மில்காரர் வக்கீல் அவசரப்படாமல் எழுந்தார்.
"ஆக, எண் கம்பெனி போட்டதல்ல,
சட்டம் லாரியுடையது என்று
சாட்சியே ஒத்துக்கொள்கிறார்.
ஏலப் புத்தகத்தில் இருப்பதோ 'அச்சு அசல்'."

பேரன் கையை எடுத்துக்கொண்டான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால்
பாதி விலையாவது நின்றிருக்குமோ என்னவோ.
எனக்கு அந்தக் கணக்கு வராது.

"பூனா வண்டி?" என்றார் அம்மா.
நான் பார்த்ததில்லைம்மா. படம்தான் காட்டினாங்க.
ஏழும் ஏழும் அச்சில் வார்த்தாப்பல இருக்குது.
கம்பெனியிலும் ஆள்தானே அடிச்சிருப்பான்?
அவனுக்கும் ஒரு நாள் கை சோந்திருக்காதா?

அதை எழுதிக்கொண்டார்களா தெரியவில்லை.
டைப்படிக்கிற பெண்
ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாட்சிப் படி நூற்றெண்பது ரூபாய்.
மூன்று இடத்தில் கையெழுத்து.
குமாஸ்தா தாளைத் தூக்கிப் பிடித்தார்.
"இன்னாய்யா, மூணும் மூணு தினுசா கீது?
ஒரே ஆள்தானே நீ?"

இன்னொரு தாள் கொடுத்தார்.
நாலாவது போட்டேன்.