காலிப் பெட்டிக்கும் வாடகை

எர்ணாவூர் மொட்டைமாடியில்
கொடிக்கயிற்றைத் துடைத்துவிட்டுத்தான் துணி போட வேண்டும்.
நேற்றைய சாம்பல்.
லேப்டாப் மூடியிலும் அதே சாம்பல். விரலால்
ஒரு கோடு இழுத்துவிட்டுத் திறக்கிறேன்.

உள்ளே ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சாவுகள்.
வெள்ளைக் குள்ளன்கள். பக்கத்து விண்மீனிடம்
வாங்கித் தின்று தின்று, தாங்காமல் வெடித்தவை.
எங்கே வெடித்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்,
அதனால் எனக்கு அளவு விளக்கு.
மங்கலாய்த் தெரிந்தால் தூரம்.
இல்லையென்றால், இடையில் தூசி.

இந்த 'இல்லையென்றால்'-இல் நாலு வருஷம் போயிற்று.

அத்திப்பட்டுப் புகைபோக்கி உச்சியில் சிவப்பு விளக்கு.
சில ராத்திரி கைக்கெட்டும் தூரத்தில்,
சில ராத்திரி பழவேற்காட்டில்.
தூசி நீலத்தைத் தின்னும், சிவப்பை விட்டுவைக்கும்
என்று படிக்க
நான் பெங்களூர் வரை போயிருக்க வேண்டாம்.

கீழே எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை
துறைமுக கேட் வரைக்கும் அசையாமல்.
ஒவ்வொன்றின் முதுகிலும் நாற்பதடி.
சாலை வளைகிற இடத்தில் கை நீட்டி அளக்கிறேன்:
முதல் பெட்டி முழுக் கட்டைவிரல்,
டீக்கடை தாண்டியது நகம்,
மேம்பாலத்தில் நிற்பது ஓர் அரிசி.

விண்மீன் மண்டலங்களுக்கும் ஒரு நாற்பதடி உண்டு.
பிரபஞ்சம் பிறந்த சூட்டில் ஒலி ஓடி நின்ற தூரம்,
இன்றைக்கு விரிந்து ஐம்பது கோடி ஒளியாண்டு.
அந்த இடைவெளியில் அவை ஜோடி சேர்வது
கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் அதிகம்.
லட்சக்கணக்கில் எண்ணினால்தான் அந்தக் கொஞ்சம் தெரியும்.

பக்கத்து வீட்டு டல்சிக்குக் கன்டெய்னர் யார்டில் டேலி வேலை.
இன்று அவளுக்கு ஆஃப்.
"நீ எண்றது எத்தினி?"
"நாப்பது லட்சம்."
"எங்க யார்டே பரவால்ல போ."

விடையை எங்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்தோம்.
கணினி ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி வைத்திருந்தது,
ஆசைப்பட்ட பக்கம் கை சாய்ந்துவிடக் கூடாதென்று.
இன்றிரவு பதினொன்றரைக்குக் கட்டவிழ்ப்பு.
பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
அனல்மின் நிலையத்தை ஒட்டித்தான் குடியிருக்கிறோம்.

டல்சியின் ஃபோனில் ஹாட்ஸ்பாட். ஒரே கோடு சிக்னல்.
திரையில் பத்து முகம், சிலியில் மத்தியானம்,
யாரோ மூன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள்.

மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்பது.
பிழை, புள்ளி பூஜ்யம் ஐந்து.

மைனஸ் ஒன்று வந்திருந்தால்
என்றைக்கும் மாறாத வெற்றிடம் என்று எழுதி முடித்திருப்போம்.
வரவில்லை. வராமல் போனது என்றும் சொல்ல முடியவில்லை.
"ரெண்டு சிக்மா" என்றார் ஒருவர்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில்.
கைதட்டுவதா என்று தெரியாமல்
ஒவ்வொருவராய் மைக்கை அணைத்தோம்.

"இன்னா வந்துச்சு?"

ஒன்றுமே இல்லாத இடத்துக்கும் ஒரு தள்ளு இருக்கிறது என்றேன்.
இடம் கூடக் கூட அதுவும் கூடும்,
எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கும்.
இப்போது அது லேசாய் இளைக்கிறதோ என்று சந்தேகம்.

டல்சி கொசுவை அடித்தாள். அசரவில்லை.
"காலிப் பெட்டிக்கும் வாடகை உண்டும்மா.
நிக்க நிக்க ஏறும்.
ரேட்ட எப்ப மாத்துவானுங்கன்னுதான்
எவனுக்கும் தெரியாது."

வரிசை ஒரு பெட்டி நீளம் நகர்ந்து நின்றது.
துணி எடுக்க மறந்திருந்தேன்.
தலையணை உறையில், செல்பேசி வெளிச்சத்தில்,
சீராய் இன்றைய சாம்பல்.
தூசித் திருத்தத்தை நாளைக்கு
முதலிலிருந்து பார்க்க வேண்டும்.