அரைப்பேர்

நாளை காலை பத்து மணிக்கு ஹட்டனில்
தொழில் காரியாலயத்து விசாரணை.
"சும்மா பேசாம ஸ்லைட் போட்டுக் காட்டுங்க"
என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த லேப்டாப்புக்கு
என்னைவிட மூச்சு வாங்கும்.
பெரிய மென்பொருளைத் திறந்தால்
வட்டம் சுற்றி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.
அதனால் வெறும் எழுத்தில் எழுதுகிறேன்.
வரிக்கு முன் ஒரு ஹாஷ், அது தலைப்பு.
நட்சத்திரம், பிறகு ஓர் இடைவெளி, அது பட்டியல்.
மூன்று சிறுகோடு போட்டால் பக்கம் புரளும்.
நிறம் இல்லை, பறந்து வரும் அம்பு இல்லை.
முழுக் கோப்பும் ஐந்து கிலோபைட்.
கிலோ என்றதும் பவித்திரன் சிரித்தான்:
"இதுக்கும் கழிவு போடுவாங்களா அக்கா?"

# பதினெட்டு கிலோ

என்று முதல் பக்கம்.
அடுத்ததில்,
பதினெட்டு நின்றால் ஒரு பேர்,
பதினேழரை நின்றால் அரைப்பேர்.
மழைக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
ஏன் என்று கேட்டவளுக்கு இன்னொன்று
கழித்த பிறகு நின்றது.
அந்த ஏன் வரியை மட்டும் திரைக்கு எழுதவில்லை.
பேசுகிறவருக்கே தெரியும் குறிப்பாகக்
கீழே ஒளித்து வைத்தேன்.

மூன்றாவது பக்கம் முழுக்கப் பெயர்கள்.
மார்ச்சில் அரைப்பேர் விழுந்தவர்கள்,
இருபத்து மூன்று நட்சத்திரம்.
அன்னபூரணம்.
ஞானப்பிரகாசி.
மாரியாயி.
இன்னொரு மாரியாயி, அஞ்சாம் லயம்.
காம்புக் கறை இன்னும் போகாத விரலால்
அவர்களே எண்ணிச் சொன்ன நாட்கள்.

மாதா கோயிலில் இரவல் வாங்கிய புரொஜெக்டர்,
சுவரில் ஆணியடித்த வெள்ளைப் படுக்கைவிரிப்பு.
வெளிச்சம் விழுந்தது.
பதினான்காவது பெயர்
விரிப்பின் கீழ் விளிம்பில்
இடுப்போடு அறுந்து நின்றது.
புள்ளிகள் இருந்தன, கால்கள் இல்லை.
அதற்குக் கீழே ஒன்பது பேர்
கோப்பில் இருக்கிறார்கள், திரையில் இல்லை.

பவித்திரன் இப்போது சிரிக்கவில்லை.
"செக்ரோல் மாதிரியே இருக்கு."

எழுத்தைச் சின்னதாக்கலாம் என்றான்.
மாட்டேன் என்றேன்.
மூன்று கோடு போடு, பக்கம் புரளட்டும்.
ஆனால் எந்த இடத்தில்?
இரண்டு மாரியாயியையும் பிரித்தால்
ஒரே ஆளை இரண்டு தரம் எழுதியதாகச் சொல்வார்கள்.
அவர்கள் சேர்ந்தே நிற்கட்டும்.
பதின்மூன்றுக்குப் பிறகு வெட்டினோம்.
பதினான்காவது பெயர் மேலே ஏறிக்
கால் முளைத்து வந்தது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
கூரைத் தகரத்தில் மழை
யாரோ ஓயாமல் டைப் அடிப்பதுபோல.
இருட்டில் போன் அடித்தது.
"என் பேரையும் போட்டுருங்க.
வேலைக்கு நிப்பாட்டிருவாங்கன்னு
அன்னைக்குச் சொல்லல."
பின்னால் ஒரு குழந்தை இருமியது.
பேட்டரியில் ஏழு சதவீதம்.
அவசரத்தில் நட்சத்திரம் வைக்கவில்லை.
ஒரு வரி விட்டுத் தனியாக,

தங்கப்பொண்ணு

காலடியிலேயே மூன்று கோடு,
அதற்குக் கீழே நன்றி,
மூடிவிட்டேன்.

விடிந்து பார்த்தால்
விரிப்பின் அகலத்துக்கு நிற்கிறாள்.
வரிக்கும் கோட்டுக்கும் நடுவே
ஒரு வெற்று வரி விடாவிட்டால்
பக்கம் புரளாது.
கோட்டுக்கு மேலே இருப்பது தலைப்பாகிவிடும்.
விதி அப்படி. மறந்துபோனேன்.

தங்கப்பொண்ணு
என்று அவ்வளவு பெரிதாக, அதன் கீழே
நன்றி
என்று சின்னதாக.

திருத்த ஒரே ஒரு தட்டு போதும்.
பவித்திரனின் விரல் என்டரின் மேல் இருந்தது.
நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

பத்து மணிக்கு
ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்கலாம்,
யாரிந்தத் தங்கப்பொண்ணு,
சங்கத்துத் தலைவியா?

பதினாறரைக் கிலோ, ஐயா.